மாமியார் பேச மறுக்கும் லிமரிக்

அன்புள்ள மேடம்,

பதினாறு வருடமாக அயர்லாந்தின் கார்க் நகரில் இருக்கிறேன். கணவர் ஐரிஷ்காரர். மாமியாருக்கு 85 வயது, இதே நாட்டின் லிமரிக் நகரில் பிறந்து வளர்ந்தவர். மகளுக்குப் பள்ளியில் குடும்ப வரலாறு எழுதச் சொன்னார்கள். அதற்காக நானும் ஃபிராங்க் மெக்கோர்ட் தன் லிமரிக் சிறுவயதைப் பற்றி எழுதிய 'ஏஞ்சலாஸ் ஆஷஸ்' படித்தேன். 1930, 40களின் லிமரிக் சந்துகள், குடிகார அப்பா, இறந்துபோகும் குழந்தைகள், பாதிரியாரிடம் பயந்து பயந்து செய்யும் பாவசங்கீர்த்தனம். இரண்டு ராத்திரி தூக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிடும்போது மாமியாரிடம் கேட்டுவிட்டேன்: "நீங்களும் இப்படித்தான் கஷ்டப்பட்டீர்களா? தர்மம் கொடுக்கிறவர்கள் உங்கள் வீட்டுக்கும் வந்தார்களா?" அவர் முகம் சிவந்துவிட்டது. "அந்த ஆள் எங்கள் ஊர் மானத்தை வாங்கிவிட்டான். நாங்கள் கௌரவமான குடும்பம்" என்று எழுந்து போய்விட்டார். மூன்று வாரமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கணவரோ "கிளறாதே" என்கிறார். பேத்திக்குத் தன் வேர் தெரிய வேண்டாமா? நான் செய்தது தப்பா?

ஒரு மருமகள், கார்க்

அன்புள்ள மருமகளுக்கு,

தெரிந்துகொள்ள ஆசைப்பட்டது தப்பில்லை. இடறியது அந்த இரண்டாவது கேள்வி. அந்தக் காலத்தில் புனித வின்சென்ட் தே பவுல் சபை என்ற கத்தோலிக்கத் தொண்டு அமைப்பினர் ஏழைகளின் வீட்டுக்கு நேரில் போய் நிலைமையைப் பார்த்து உதவுவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வாங்கியவர்களுக்கு, கிடைத்த பொருளைவிட வீட்டை நோட்டம் விட்ட கண்கள்தான் அதிக நாள் மறக்காது. நீங்கள் பாசத்தோடு கேட்டது அவர் காதில் இன்னொரு விசாரணையாக விழுந்திருக்கலாம், அதுவும் பேத்தி முன்னால்.

அவர் உண்மையை மறைக்கிறார் என்றும் முடிவுகட்டாதீர்கள். 1996இல் வந்த அந்தப் புத்தகத்துக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது; லிமரிக்கிலோ பலர் கொதித்தார்கள், மிகை என்றார்கள். அவர் குடும்பம் அந்தச் சந்துகளுக்கு ஒரு படி மேலே இருந்திருக்கலாம். அந்த ஒரு படியைக் காப்பாற்றப் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும்! அடகுக் கடைக்குப் போன கதையை உங்கள் அம்மா உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்? லிமரிக்கிலும் அடகுக் கடை இருந்தது.

முதலில் ஒரே வரியில் மன்னிப்புக் கேளுங்கள். புத்தகப் பேச்சு வேண்டாம். அப்புறம் உங்கள் பாட்டி, தாத்தா கதையை நீங்கள் சொல்லுங்கள், கஷ்டமும் சேர்த்து. சில நாள் கழித்து டோனோ ஓ'மாலியைப் பற்றிக் கேளுங்கள். 1966இல், கட்டணமில்லா உயர்நிலைக் கல்வி வரும் என்று அறிவித்த அமைச்சர் அவர், லிமரிக்காரர். அடுத்த வருடமே அது நடைமுறைக்கு வந்தது. உங்கள் மாமியாரின் பள்ளி வயதில் அந்த வசதி இல்லை. ஊர்ப் பெருமையில் தொடங்கும் பேச்சு தானாகவே அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரலாம். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

கணவரிடம் தனியாகப் பேசுங்கள். "கிளறாதே" என்பதை அவரும் சின்ன வயதில் யாரிடமோ கேட்டுத்தான் கற்றிருப்பார்.

மகளின் பாடத்துக்கு 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாமியாரின் தாத்தா, பாட்டி அதில் இருக்கலாம். யாருக்கு எழுதப் படிக்கத் தெரியும், வீட்டில் எத்தனை அறை என்றெல்லாம் இருக்கும். 1911 படிவத்தில் மணமான பெண்களுக்கு ஒரு கேள்வி உண்டு: எத்தனை குழந்தை பெற்றீர்கள், எத்தனை உயிரோடு இருக்கின்றன? அந்த இரண்டு எண்ணும் வேறாக இருந்தால் மாமியாரிடம் எதுவும் கேட்காதீர்கள். தாளை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு டீ போடப் போங்கள்.