அதிகாரம் கெடுக்கும் என்கிறார்களே, 'விலங்குப் பண்ணை' அதை எப்படிக் காட்டுகிறது?

பொறுப்பாகக் கொடுத்ததைத் தன் சொத்தாக நினைக்கத் தொடங்குவதுதான் அதிகாரம் கெடுப்பது. ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவலில் (1945) அது வெறும் பாலில் ஆரம்பிக்கிறது. பண்ணைக்காரனை விரட்டியபின் விலங்குகள் கறந்த ஐந்து வாளிப் பால் மாலைக்குள் காணோம். தலைமையேற்ற பன்றிகளின் தீவனத்தில் கலந்துவிட்டது. 'மூளை வேலைக்குப் பால் தேவை' என்று பன்றிகள் சொன்னதும் மற்றவை ஒத்துக்கொள்கின்றன. என்னைப் பொறுத்தவரை நாவலின் உயிரே இந்த இடம்தான். பிறகு பன்றிகள் கட்டிலில் உறங்கத் தொடங்க, 'எந்த விலங்கும் கட்டிலில் உறங்கக் கூடாது' என்று சுவரில் எழுதிய கட்டளையில் 'விரிப்புடன்' என்று சேர்கிறது. சரியாகப் படிக்கத் தெரியாதவை தம் நினைவையே சந்தேகிக்கின்றன.

நம்மிடமும் இதே கதைதான். குடியிருப்புச் சங்கத்தில் முதல் மாதம் கணக்குக் கேட்கக் கூச்சப்படுகிறோம். ஆறாம் மாதம் கேட்பவர்தான் வம்புக்காரர்.

புரட்சியே கூடாது என்று சொல்லும் கதையாகப் பலர் இதைப் படிக்கிறார்கள். ஆர்வெல் கடைசிவரை சோஷலிஸ்ட், அவர் சாடியது புரட்சியைக் களவாடியவர்களை.