முகவர் எழுதிய ‘இல்லை’ யாருடைய கூற்று?

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “ரொறன்ரோவில் இருக்கும் மகளிடம் போய்வர வருகையாளர் விசாவுக்கு விண்ணப்பித்தேன். படிவத்தை முகவரே நிரப்பினார். முன்பு பிரித்தானியா எனக்கு விசா மறுத்திருந்ததை அவர் எழுதவில்லை. இப்போது ‘மிஸ்ரெப்ரசென்டேஷன்’ என்று குறிப்பிட்டு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. நான் பொய் சொல்லவில்லையே, என்ன செய்வது?”

பொய் சொல்லவில்லை என்பது மட்டும் இக்கடிதத்துக்குப் பதிலாகாது. கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, முக்கியமான விடயமொன்றை நேரடியாகவோ மறைமுகமாகவோ பிழையாகக் காட்டுவதையும், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதையும் ‘மிஸ்ரெப்ரசென்டேஷன்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறது. அதிகாரி உண்மையில் ஏமாந்திருக்க வேண்டும் என்பதுமில்லை; நிர்வாகத்தில் தவறொன்று நேர இடமிருந்தாலே போதும். ‘மறைமுகமாக’ என்ற சொல்தான் உங்களைப் பிடிக்கிறது: உங்களுக்காக முகவர் எழுதியது உங்கள் கூற்றாகவே கொள்ளப்படும்.

பிரித்தானிய விதிகளில் நிலைமை வேறு. அங்கே பொய்க்கூற்று என்று விசாவை மறுப்பதற்கு நேர்மையீனம் இருந்திருக்க வேண்டும் என மேன்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. ஏமாற்றியது உறுதியானால் தடை 10 ஆண்டுகள். கனடாவின் தடை 5 ஆண்டுகள், ஆனால் கெட்ட எண்ணம் இருந்ததா என்பது அங்கே அவசியமான கேள்வியல்ல. தான் சொன்னது சரியென்று நேர்மையாகவும் நியாயமாகவும் நம்பியவருக்கு விலக்கு உண்டு எனினும், நீதிமன்றங்கள் அதை மிகக் குறுக்கியே பயன்படுத்துகின்றன.

உண்மையான ஆவணமும் இந்த வலைக்குள் விழலாம். விண்ணப்பத்துக்குச் சில கிழமை முன் உறவினரிடம் கைமாற்றாக வாங்கிய பணத்தைக் கணக்கில் போட்டு, வங்கிக் கடிதம் எடுத்து, ‘என் சேமிப்பு’ என்று காட்டுவது நம்மூரில் சாதாரணம். கடிதத்தில் ஓர் எழுத்தும் போலியில்லை. அதைக் கொண்டு உருவாக்கும் தோற்றம்தான் பிழை.

இனி உங்கள் பதில். முகவர் அனுப்பிய படிவத்தின் பிரதியை முதலில் கேட்டு வாங்குங்கள். வேறு நாடு எதுவும் விசா மறுத்ததா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதப்பட்டிருந்தால், அதை மறுத்து வாதாட வேண்டாம். கனடாவும் பிரித்தானியாவும் விசாத் தகவல்களைப் பரிமாறிக்கொள்கின்றன. மறுப்பு எப்போது, என்ன காரணத்தால் நேர்ந்தது என்பதை மறுப்புக் கடிதத்தின் பிரதியுடன் எழுதுங்கள்; முகவரிடம் அதைச் சொல்லியிருந்தால் அந்தக் குறுஞ்செய்தியையோ வாட்ஸ்அப் உரையாடலையோ இணையுங்கள். சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து அனுப்பினால் எல்லாம் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். ஆதாரமில்லாத சத்தியக் கடதாசிக்குப் பெரிய பலமில்லை, அதிலும் ஒரு பிழை நுழைந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

கடிதத்தில் குறித்த திகதிக்குள் பதில் போய்ச் சேர வேண்டும். நாள் போதாவிட்டால் அது முடியுமுன்பே அவகாசம் கேளுங்கள். பதிலைத் தயாரிக்க அதே முகவரிடம் போகாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பங்களைக் கையாள, அந்நாட்டுச் சட்டத்தரணிகள் முதலான சட்டச் சங்க உறுப்பினர்களுக்கும் உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர்களுக்கும் கியூபெக் மாகாண நொத்தாரிசுகளுக்குமே அனுமதி உண்டு. விசா மறுக்கப்பட்டால், முடிவு கைக்குக் கிடைத்து 60 நாட்களுக்குள் கனடாவின் சமஷ்டி நீதிமன்றத்தில் மீளாய்வுக்கு அனுமதி கோரலாம்.