படம் சுமாரா இருந்தும், துணை நடிகர்களாலயே நின்ன தமிழ் காமெடிப் படம் எது?

எனக்கு சட்டுனு ஞாபகம் வர்றது 2003ல வந்த வின்னர் தாங்க. சுந்தர்.சி டைரக்‌ஷன், பிரசாந்த் ஹீரோ, கிரண் ஹீரோயின், யுவன் மியூசிக். கதைன்னு பாத்தா அப்ப வந்த பத்துப் படத்துல பாத்த அதே காதல், அதே குடும்பச் சண்டை தான். டிவில போடுறப்ப எங்க வீட்ல ஹீரோ சீன் வந்தா சேனல மாத்திடுவாங்க, ரெண்டு நிமிஷம் கழிச்சு "கைப்புள்ள வந்துட்டானா பாரு"ன்னு திரும்ப வைப்பாங்க.

கைப்புள்ளையா வர்ற வடிவேலு கால ஒரு மாதிரி இழுத்து நடக்குற அந்த நடையப் பத்தி எல்லாரும் சொல்லிட்டாங்க. நான் சொல்ல வர்றது அவரச் சுத்தி இருக்குறவங்களப் பத்தி. கட்டதுரையா வர்ற ரியாஸ் கான எடுத்துக்கோங்க, இது காமெடி சீன்ங்குற நெனப்பே அவர் முகத்துல இருக்காது. கைப்புள்ள தரையில கோடு போட்டு இதத் தாண்டி யாரும் வரக்கூடாதுன்னு சொல்றப்ப அந்தாளு நெஜ வில்லன் மாதிரியே மொறச்சுகிட்டு நிப்பாரு, அந்த மொறப்பு இருக்கவும் தான் வடிவேலுவோட பயம் நமக்கு உண்மையாத் தெரியுது, அவரும் சேந்து காமெடி பண்ணியிருந்தா சீன் அங்கயே படுத்திருக்கும்.

அதவிட எனக்குப் புடிச்சது, பேரு கூட தெரியாத ஆளுங்க. அடி வாங்கி கந்தலாகிக் கெடக்குற கைப்புள்ளையப் பாத்துட்டு, இவனுக்கே இந்த நெலமைன்னா அடிச்சவன் உயிரோடவா இருப்பான்னு ஊர்க்காரங்க பேசிக்குவாங்களே, அவங்க குரல்ல துளி கூட கிண்டல் கெடையாது, சத்தியமா நம்பித்தான் பேசுறாங்க. அந்த நம்பிக்கையக் கேட்டு வடிவேலு முகம் போற போக்கு தான் நம்மள சிரிக்க வைக்குது. அந்த ஒரு வரிய சும்மா ஒப்பிச்சிருந்தாங்கன்னா இவ்ளோ வருஷம் நின்னிருக்குமா சொல்லுங்க. துணை நடிகர்னு சம்பளத்துலயும் போஸ்டர்லயும் கடைசில வைக்கிறோம், ஆனா இந்தப் படத்தத் தாங்கி நிக்கிறதே அவங்க தான்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

பத்து வருஷம் கழிச்சு 2013ல சிவகார்த்திகேயன் படத்துக்கு வருத்தப்படாத வாலிபர் சங்கம்னு பேரு வச்சாங்க, அது வின்னர்ல கைப்புள்ள நடத்துற சங்கத்தோட பேரு. ஆனா வின்னர்ல ஹீரோ பிரசாந்தோட பேரு என்னன்னு கேட்டா இத்தன தடவ பாத்த எனக்கே யோசிக்கணும்.

எங்கப்பா ஒரு தடவ பைக்ல விழுந்து கைல மாவுக்கட்டோட வந்து எறங்குனாரு, வீடே அழுற மாதிரி நின்னுச்சு. எதுத்த வீட்டு பெரியப்பா கேட்டத் தொறந்து பாத்துட்டு, அதே ஊர்க்காரங்க மாதிரி ரொம்ப சீரியஸா, "இவருக்கே இப்டின்னா அந்த ரோடு என்ன ஆயிருக்கும்"னாரு. அப்பா வலியில கையப் புடிச்சுகிட்டே சிரிச்சாரு, அப்புறம் தான் அம்மா காப்பி போட உள்ள போனாங்க.