பில்கே ககான் ஏன் மதில் எழுப்பவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பில்கே ககான் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். 716 முதல் 734 வரை மங்கோலியப் புல்வெளியை ஆண்ட துருக்கியப் பேரரசர், மதில் சூழ்ந்த ஒரு நகரத்தைக்கூடக் கட்டவில்லை. தெற்கே சீனாவை ஆண்ட தாங் பேரரசின் தலைநகரான சாங்கான் போன்ற மாநகரம் இருந்த காலத்தில் கூடாரத்திலேயே நடந்த அரசைப் பின்தங்கியது என்றுதானே சொல்ல வேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கட்ட வேண்டும் என்று அவருக்கே ஆசை இருந்தது. மதிலோடு ஒரு நகரம், உள்ளே பௌத்த, தாவோ கோயில்கள் என்று அவர் திட்டமிட்டதைத் தாங் வரலாற்று நூல்கள் பதிவுசெய்திருக்கின்றன. தடுத்தவர் அவருடைய மாமனாரும் ஆலோசகருமான டோன்யுகுக். அவர் சீன நாட்டில் வளர்ந்தவர், நகரம் என்றால் என்னவென்று நன்றாகவே அறிந்தவர்.

துருக்கியர் தொகை தாங் நாட்டு மக்களில் நூறில் ஒரு பங்குகூட இல்லை என்று கணக்கைத் தொடங்கினார் டோன்யுகுக். நீரும் புல்லும் தேடி நகர்ந்துகொண்டே இருப்பதாலும், வேட்டையே போர்ப்பயிற்சி ஆவதாலும்தான் தாக்குப்பிடிக்க முடிகிறது. வலு இருந்தால் இறங்கித் தாக்கலாம், இல்லாவிட்டால் மலைக்கும் காட்டுக்கும் ஒதுங்கலாம். மதிலுக்குள் குடியேறினால் ஒரே தோல்வியில் எல்லாம் போய்விடும். கோயில்களின் போதனை மக்களைச் சாதுவாக்கிவிடும் என்றும் சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. 630இல் கிழக்குத் துருக்கிய அரசை வீழ்த்திய தாங் நாட்டில் கோயில்களுக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் மதில் பற்றி அவர் சொன்னது 720இல் கண்முன் நடந்தது. மேற்கிலிருந்து பஸ்மில்கள் என்ற கூட்டத்தார், கிழக்கிலிருந்து கித்தான், ஷி கூட்டத்தார், தெற்கிலிருந்து தாங் படை என மும்முனைத் தாக்குதல் திட்டமிடப்பட்டது. பில்கே கலங்கினார். டோன்யுகுக் கலங்கவில்லை. மூன்று படைகளுக்கும் இடையில் தூரம் அதிகம், சேர்ந்து வர முடியாது. தாங் படையே வந்தாலும் கூடாரங்களைப் பிரித்து மூன்று நாள் வடக்கே நகர்ந்தால் போதும், உணவு தீர்ந்து திரும்பிவிடும் என்றார். சொன்னபடியே பஸ்மில்கள் மட்டும் வந்தார்கள், துணைப்படை எதுவும் வராததால் திரும்பினார்கள். உடனே பாய்ந்துவிடத் துடித்தார் பில்கே. வீட்டை விட்டு வெகுதூரத்தில் இருப்பவர்கள் உயிரைக் கொடுத்துச் சண்டையிடுவார்கள் என்று டோன்யுகுக் தடுத்து, பின்தொடர்ந்தே போனார். பெய்டிங் கோட்டைக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு பிரிவைக் குறுக்குவழியில் அனுப்பிக் கோட்டையை முதலில் பிடித்தார். பிறகுதான் தாக்கினார். கோட்டையை நம்பி ஓடிய பஸ்மில்கள் நுழைய இடமின்றி மொத்தமாகச் சிக்கினார்கள்.

நகரம் இல்லாமலே செல்வமும் வந்தது. 727இல் சேர்ந்து தாங் எல்லையைத் தாக்கலாம் என்று திபெத்தியர்கள் எழுதிய கடிதத்தை பில்கே அப்படியே சாங்கானுக்கு அனுப்பிவிட்டார். மகிழ்ந்த பேரரசர் ஷுவான்சோங் எல்லையில் குதிரைச் சந்தை திறந்தார். ஆண்டுதோறும் பல லட்சம் சுருள் பட்டு வடக்கே போயிற்று. அந்தக் கடிதத்தைக் கொண்டுசென்ற தூதர் புய்ருக் சோர்தான் 734இல் பில்கேவுக்கு நஞ்சு வைத்தார். அரண்மனைப் பகையிலிருந்து அவரைக் காக்க எந்த மதிலாலும் முடிந்திருக்காது.

பில்கே ஆண்ட அதே மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் அடுத்து ஆட்சிக்கு வந்த உய்குர்கள் ஓர்து-பாலிக் என்ற மதில் நகரத்தைக் கட்டினார்கள். கடும் பனியில் மந்தைகள் மடிந்து, உட்பகையும் முற்றியிருந்த 840இல் கிர்கிஸ் படை அதைப் பிடித்து எரித்தது. அரசும் அதோடு சிதறியது. ஆனாலும் உய்குர் அரசு ஏறக்குறைய நூறாண்டு நின்றது, பில்கேவின் பேரரசைவிட நீண்ட காலம். 755இல் வெடித்த ஆன் லூஷான் கிளர்ச்சிக்குப் பிறகு தாங் நாடு அவர்களோடு மோதும் நிலையில் இல்லை, அவர்களுடைய குதிரைப்படை உதவியைக் கேட்டு நின்றது. பில்கேவுக்கு எதிரில் இருந்தது உச்சத்தில் இருந்த தாங்.