வயிற்றுத் தசை வெளியே தெரிய: யாழ்ப்பாணத்து வாசகர்களின் கேள்விகளும் என் பதில்களும்

சிக்ஸ் பேக் பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. உடற்பயிற்சி கற்பிப்பது என் தொழில். பயிற்சிக்கும் சாப்பாட்டுக்கும் பதில் சொல்கிறேன். நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் முதலில் தங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

கோண்டாவில், வயது 19: தினமும் 300 சிற் அப் செய்கிறேன். நான்கு மாதமாகிவிட்டது. வயிறு இறுகிவிட்டது, ஆனால் ஒரு கட்டும் தெரியவில்லை. 500 ஆக்கட்டுமா?

ஆக்க வேண்டாம், தம்பி. தசை உமக்கு வந்துவிட்டது. அதை மூடியிருக்கும் கொழுப்புத்தான் இன்னும் போகவில்லை. நெஞ்சுக்கூட்டின் கீழிருந்து இடுப்பெலும்பு வரை நெடுக்காக இறங்கும் இரட்டைத் தசை எல்லாருக்கும் பிறவியிலேயே உண்டு. குறுக்கே நார்ப்பட்டைகள் ஓடுவதால் அது கட்டுக் கட்டாகப் பிரிந்து தெரிகிறது. தோலுக்கும் தசைக்கும் நடுவேயுள்ள கொழுப்பு மெலியாவிட்டால் ஆயிரம் சிற் அப் செய்தாலும் அது வெளியே வராது. ஆண்களுக்கு உடல் எடையில் கொழுப்பு ஏறத்தாழ 10 முதல் 12 சதவீதத்துக்கு இறங்கும்போது கட்டுகள் தெளிவாகத் தெரியும்.

1984 இல் அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 27 நாளில் ஒவ்வொருவரும் 5004 சிற் அப் செய்தார்கள். வயிற்றிலும் முதுகிலும் பிட்டத்திலும் இருந்து கொழுப்புக் கலங்களை எடுத்து, பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். வயிற்றுக் கலங்கள் மற்ற இடங்களைவிடக் கூடுதலாகச் சுருங்கவில்லை. கொழுப்பை எங்கிருந்து எடுப்பது என்பதை ஹார்மோன்களும் பரம்பரையும் தீர்மானிக்கின்றன. எந்தத் தசை வேலை செய்கிறது என்று உடல் பார்ப்பதில்லை. பெரும்பாலான ஆண்களுக்குத் தொப்புளுக்குக் கீழேயுள்ளதுதான் கடைசியாகக் கரையும்.

ஆகவே வயிற்றுப் பயிற்சியை வாரம் மூன்று நாளாகக் குறைத்துக்கொள்ளும். மிச்ச நேரத்தில் பெரிய தசைகளுக்கு வேலை கொடும்: பாரத்துடன் குந்தி எழும்பும், தண்டால் எடும், கம்பியில் தொங்கி உடலை மேலே இழுத்துக்கொள்ளும், நிலத்திலிருந்து பாரம் தூக்கும். சாப்பாட்டில் நாளுக்கு 300 முதல் 500 கலோரி குறைத்துக்கொள்ளும். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதம் சேர்த்துக்கொள்ளும். புரதமும் பாரமும் இல்லாமல் பட்டினி மட்டும் கிடந்தால் கொழுப்போடு தசையும் போய்விடும். பிறகு மூடியை விலக்கினாலும் உள்ளே காட்ட ஒன்றும் இராது.

சுன்னாகம்: கலியாணத்துக்கு ஆறு வாரம் இருக்கிறது. எடை 80 கிலோ, கொழுப்பு 25 சதவீதம் என்று இயந்திரம் காட்டியது. முடியுமா?

முடியாது. உங்கள் எண்ணை அப்படியே எடுத்தால் உடலில் 20 கிலோ கொழுப்பு, 60 கிலோ மற்றவை. அந்த 60 கிலோவைக் காப்பாற்றிக்கொண்டு 12 சதவீதத்துக்கு வர, எடை 68 கிலோவுக்கு இறங்க வேண்டும். வாரம் அரைக் கிலோ குறைத்தால் ஆறு மாதம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7700 கலோரி இருக்கிறது; ஆறு வாரத்தில் அவ்வளவையும் விரட்டுபவர் கலியாண மேடையில் மயங்கி நிற்பார். மூன்று கிலோ குறையுங்கள், வேட்டி அழகாக நிற்கும். மாத்திரை பக்கம் போகாதீர்கள். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

நெல்லியடி: எனக்கு நான்கு கட்டுத்தான் தெரிகிறது, அதுவும் கோணல். ஆறாக்க எந்தப் பயிற்சி?

எந்தப் பயிற்சியும் இல்லை. நார்ப்பட்டை எத்தனை, எந்த உயரத்தில் என்பது பிறப்பிலேயே தீர்ந்துவிட்டது. சிலருக்கு நான்கு கட்டு, சிலருக்கு எட்டுக் கட்டு.

மானிப்பாய், ஒரு தாய்: புட்டு அவித்த உணவு, ஒரு துளி எண்ணெய் இல்லை. அதைக் குறைக்கும்படி ஜிம்மில் மகனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவித்தது எப்படிக் கொழுப்பாகும்?

அக்கா, அவிப்பதால் எண்ணெய் சேராமல் போகிறது. மாவும் தேங்காயும் எங்கும் போவதில்லை. ஓர் ஆளுக்கு 150 கிராம் அரிசிமா, 50 கிராம் தேங்காய்ப்பூ என்று வைத்தால் மாவில் 540 கலோரி, தேங்காய்ப்பூவில் 175. சொதிக்கும் பொரித்த கத்தரிக்காய்க் குழம்புக்கும் முன்னரே 700 ஐத் தாண்டிவிட்டது. மகன் இரவு ஒன்பது மணிக்கு நீத்துப்பெட்டியைக் கவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் அந்தக் கணக்கை எங்கே கழிப்பது? புட்டை நிறுத்த வேண்டாம். பாதி புட்டு வையுங்கள், மற்றப் பாதிக்கு மீன் குழம்பும் முருங்கையிலை வறையும் வல்லாரைச் சம்பலும் வையுங்கள். வயிறும் நிறையும்.

உரும்பிராய், ஓய்வு பெற்ற ஒருவர்: எங்கள் தகப்பன்மார் புட்டும் சொதியும்தான் சாப்பிட்டார்கள். தேங்காய் இல்லாமல் ஒரு கறியும் இல்லை. ஒருவருக்கும் வயிற்றில் வண்டி விழவில்லை. நீங்கள் எங்கள் சாப்பாட்டைக் குற்றஞ்சாட்டுகிறீர்கள்.

ஐயா, அவர்களுக்கு வண்டி விழவில்லை என்பதை நானும் ஏற்கிறேன். அதற்குப் புட்டையா காரணம் சொல்வது? விடியுமுன் துலா மிதித்துத் தோட்டத்துக்கு இறைத்தார்கள். செம்மண்ணை மண்வெட்டியால் கொத்தினார்கள். வெங்காயத்தையும் புகையிலையையும் சுமந்தார்கள். சந்தைக்கும் கோவிலுக்கும் நடந்தார்கள், அல்லது சைக்கிளில் போனார்கள். இன்று சுவிட்சைத் தட்டினால் தண்ணீர் வருகிறது, முன்வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. உழைப்பு போய்விட்டது; தட்டின் அளவு அப்படியே நிற்கிறது. அதோடு பின்னேரம் றோல்ஸும் பற்றிஸும் சீனி போட்ட பால் தேநீரும் புதிதாகச் சேர்ந்துவிட்டன. நான் குற்றஞ்சாட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

சாவகச்சேரி: உரும்பிராய் ஐயா சொல்வதுதான் சரி. தேங்காயெண்ணெய் கொழுப்பைக் கரைக்கும் என்று ஆய்விலேயே காட்டியிருக்கிறார்கள். நீங்கள் பழைய கதையைச் சொல்கிறீர்கள்.

அந்த ஆய்வுகளில் பலவற்றில் பயன்படுத்தியது ஆய்வுகூடத்தில் பிரித்தெடுத்த, உடல் விரைவில் எரித்துவிடும் நடுத்தரச் சங்கிலி கொழுப்பமிலம் மட்டும் கொண்ட எண்ணெய். நம் போத்தலில் இருப்பது அதுவல்ல. தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதி லோரிக் அமிலம் என்ற கொழுப்பமிலம். உடல் அதன் பெரும்பகுதியை மற்றக் கொழுப்புகளைப் போலவே கையாளுகிறது. எந்தச் சமையல் எண்ணெயானாலும் ஒரு கிராமில் ஒன்பது கலோரிதான். ஒரு மேசைக்கரண்டி ஏறத்தாழ 120. தேங்காய் நஞ்சு என்று நான் சொல்லவில்லை. என் வீட்டிலும் தேங்காய் துருவுகிறோம். அது மருந்து என்று சொல்லி இரண்டு கரண்டியைத் தேநீரில் ஊற்றிக் குடிக்கிறார்களே, அதைத்தான் கண்டிக்கிறேன்.

கொக்குவில்: அப்படியென்றால் குரக்கன் புட்டு எவ்வளவும் சாப்பிடலாமா?

குரக்கனில் கல்சியமும் நார்ச்சத்தும் அதிகம், நல்ல தானியம். கலோரி அரிசிமாவுக்கு மிகக் கிட்டத்தான். எவ்வளவும் சாப்பிட முடியாது.

அச்சுவேலி: இடியப்பம்?

அதே மா, அதே கணக்கு. புட்டுக் கேள்விகளை இத்துடன் நிறுத்துங்கள். இன்னும் பலர் காத்திருக்கிறார்கள்.

குருநகர், கடலுக்குப் போகும் தம்பி: வீட்டில் மீனுக்குக் குறைவில்லை. எந்த மீன் நல்லது?

நீர் கொடுத்துவைத்தவர். பெரும்பாலான மீனில் 100 கிராமுக்கு 20 கிராம் அளவு புரதம் கிடைக்கும். கணவாயிலும் இறாலிலும் கொழுப்பு மிகக் குறைவு. சூடை போன்ற சிறு மீனில் கொழுப்பு சற்றுக் கூட, ஆனால் அது இதயத்துக்கு நல்ல கொழுப்பு. எதையும் சாப்பிடும், பொரியலைக் குறைத்துக் குழம்பாகச் சாப்பிடும்.

திருநெல்வேலி: கடையில் கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை விற்கிறார்கள். வெளிநாட்டுச் சரக்கு. நண்பன் எடுக்கிறான், வியர்த்துக் கொட்டுகிறது, எடையும் இறங்குகிறது.

நண்பனை இன்றே நிறுத்தச் சொல்லும். டைநைட்ரோபீனோல் என்ற ஒரு பொருளை 1930களில் அமெரிக்காவில் எடை குறைக்கக் கொடுத்தார்கள். பார்வை போனது, உயிர்களும் போயின. 1938 இல் மனிதர் உட்கொள்ளத் தகாதது என்று விலக்கினார்கள். அது உடலின் கலங்களைச் சக்தியை வீணே சூடாக்கி விரயம் செய்ய வைக்கிறது. சூடு ஏறிக்கொண்டே போனால் நிறுத்த மாற்று மருந்து கிடையாது. அந்தப் பொருள் இன்றும் கள்ளமாக இணையத்தில் விற்கப்படுகிறது. இன்னொன்று கிளென்பியூட்டரோல், சுவாச நோய்க்கு உருவாக்கப்பட்டது, இதயத் துடிப்பைக் குழப்பிவிடும். போத்தலில் ஒட்டியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்று உறுதி சொல்ல யாருமில்லை. வியர்வை கொழுப்பல்ல, தண்ணீர். நண்பனுக்குக் காய்ச்சல் போல உடம்பு சுட்டால், நெஞ்சு படபடத்தால் காத்திருக்க வேண்டாம். அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சங்கானை, இரண்டு பிள்ளைகளின் தாய்: இரண்டாவது பிள்ளை பிறந்து எட்டு மாதம். சாப்பாட்டைக் குறைத்தும் வயிறு முன்னே தள்ளி நிற்கிறது. எழும்பும்போது நடுவில் கூம்பு போல ஒன்று எழுகிறது. சிற் அப் செய்யலாமா?

தங்கை, இப்போது சிற் அப் வேண்டாம். கர்ப்ப காலத்தில் அந்த இரட்டைத் தசை நடுக்கோட்டில் விலகுவது இயல்பு. பலருக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய மாதங்களில் தானாகவே கிட்ட வரும். சிலருக்கு இடைவெளி நின்றுவிடும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, தலையை மட்டும் மெல்லத் தூக்கித் தொப்புளுக்கு மேலும் கீழும் விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இறங்கினால் விலகல் இருக்க வாய்ப்பு அதிகம். இது கொழுப்புப் பிரச்சினை அல்ல. பட்டினி கிடந்து சரியாக்க முடியாது. பால் கொடுக்கிறீர்கள் என்றால் சாப்பாட்டை வெட்டவே கூடாது. மருத்துவரிடம் காட்டி, குடலிறக்கம் இல்லை என்று உறுதி செய்து, இயன்மருத்துவரிடம் பயிற்சி கேளுங்கள். ஆழ்ந்து மூச்சு விட்டு அடிவயிற்றை உள்ளிழுப்பதில் தொடங்குவார்கள். எந்தப் பயிற்சியில் அந்தக் கூம்பு எழுகிறதோ அதை இப்போதைக்கு விடுங்கள். இது உங்கள் சோம்பலால் வந்ததல்ல. அப்படி யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நீர்வேலி, வயது 24: பெண்களுக்கும் சிக்ஸ் பேக் வருமா? மூன்று மாதமாகக் கடுமையாகச் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறேன். மாதவிடாய் நின்றுவிட்டது.

வரும். பெண்களுக்குப் பொதுவாக 16 முதல் 20 சதவீதக் கொழுப்பில் கோடுகள் தெரியும். ஆனால் மாதவிடாய் நின்றது உடல் கொடுக்கும் அபாய அறிவிப்பு. எரிபொருள் போதாதபோது உடல் முதலில் அதைத்தான் நிறுத்துகிறது, பின்னாலேயே எலும்பின் அடர்த்தி குறைகிறது. இன்றே சாப்பாட்டைக் கூட்டுங்கள், மருத்துவரைப் பாருங்கள். கட்டுகளைப் பிறகு பார்க்கலாம்.

நல்லூர்: திருவிழா 25 நாளும் மரக்கறிதான். முட்டையும் இல்லை. தசை போய்விடுமா?

போகாது. பயறு, கடலை, பருப்பு, தயிர், சோயா மீற். உலர்ந்த சோயா மீற்றில் பாதியளவு புரதம்; பயறில் 100 கிராமுக்கு 24 கிராம் வரை. கோவில் வீதியில் கடலை வாங்குங்கள், ஐஸ்கிரீமை எண்ணிச் சாப்பிடுங்கள்.

பருத்தித்துறை: மின்சாரம் பாய்ச்சும் இடுப்புப் பட்டி?

2002 இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் இத்தகைய பட்டி விற்ற நிறுவனங்கள்மீது பொய் விளம்பரத்துக்காக நடவடிக்கை எடுத்தது. பணத்துக்கு மீன் வாங்குங்கள்.

ஏழாலை: வயிற்றில் மட்டும் கொழுப்புக் குறைக்க ஒரு பயிற்சி சொல்லுங்கள்.

கோண்டாவில் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

காரைநகர்: எலுமிச்சையும் தேனும் வெந்நீரும் குடித்தால் வயிற்றுக் கொழுப்பு…

கோண்டாவில் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். தேன் சீனியைப் போலவே கலோரி தருவது.

யாழ் நகரம், வயது 52: நீரிழிவுக்கு மாத்திரை எடுக்கிறேன். பதினாறு மணி நேர விரதம் இருந்து கட்டுகள் கொண்டுவரலாமா?

மருத்துவரைக் கேளாமல் வேண்டாம்; சில மாத்திரைகளோடு விரதமிருந்தால் சீனி அபாயகரமாக இறங்கும். ஐயா, கட்டுகளை மறந்து இடுப்பை அளந்து பாருங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 என்பது எல்லை. நம்மவர்களுக்கு மெலிந்த உடலிலும் குடலைச் சுற்றிக் கொழுப்புச் சேரும். நீரிழிவோடு தொடர்புடையது அந்தக் கொழுப்புத்தான். நாளாந்தம் சாப்பாட்டுக்குப் பின் நடப்பதில் தொடங்குங்கள்.

கரவெட்டி, ஒரு தாய்: மகனுக்கு 15 வயது. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஏதோ புரத மாவைக் கரைத்துக் குடிக்கிறான். கண்ணாடி முன்னால் அழுகிறான். என்ன செய்வது?

அக்கா, எல்லாக் கேள்வியிலும் எனக்குக் கவலை தந்தது இதுதான். பாற்புரத மாவு தானாகக் கெடுதல் செய்வதில்லை, ஆனால் வளரும் பிள்ளைக்கு அது காலைச் சாப்பாட்டுக்கு ஈடாகாது. இரண்டு முட்டையும் பாணும் பாலும் அதைவிட நல்லது. போத்தலை அவனிடமிருந்து வாங்கிப் பாருங்கள். புரதம் தவிர வேறு எதுவும் எழுதியிருந்தால் எறிந்துவிடுங்கள். அவன் அழுவதை எடை குறித்த கவலை என்று மட்டும் நினைக்காதீர்கள். திட்டவும் வேண்டாம், "நீ வடிவுதான்" என்று சொல்லி முடித்துவிடவும் வேண்டாம். யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். சாப்பாட்டைத் தொடர்ந்து ஒதுக்கினால் மனநல மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். பயிற்சி வேண்டுமென்றால் தண்டாலும் நீச்சலும் உதைபந்தாட்டமும் போதும். சனிக்கிழமைக் காலையில் என்னிடம் அனுப்புங்கள், காசு வேண்டாம்.