டிவிடி ரைட்டர் எதுவானாலும் சரி, சாஃப்ட்வேரில்தான் கவனம் வேண்டும்

கேள்வி: மினி டிவி (MiniDV) கேம்கார்டர் கேசட்டுகளில் இருந்த பழைய வீட்டு வீடியோக்களை கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறேன். போனில் எடுத்த எம்பி4 கிளிப்களும் இருக்கின்றன. இரண்டும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், ஆக மூன்று மணி நேரம் வரும். டிவிடி பிளேயர் மட்டும் வைத்திருக்கும் பெரியம்மாவுக்குக் கொடுக்க வேண்டும். நண்பரின் கம்ப்யூட்டரில் கிளிப்களை டிஸ்கில் காப்பி செய்து அனுப்பினேன், பிளேயர் படிக்கவில்லை. என் லேப்டாப்பில் டிரைவ் கிடையாது. எந்த ரைட்டர் வாங்குவது, எந்த சாஃப்ட்வேர் நல்லது?

பதில்: நண்பரின் ரைட்டரைச் சந்தேகிக்க வேண்டாம். நீங்கள் எழுதியது டேட்டா டிஸ்க், அதாவது ஃபைல்களை அப்படியே காப்பி செய்த டிஸ்க். பழைய பிளேயர் எதிர்பார்ப்பது டிவிடி வீடியோ. அதில் படம் எம்பெக்-2 (MPEG-2) என்ற சுருக்க வடிவில், வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டருக்குள், 1 ஜிபிக்கு மேல் போகாத விஓபி ஃபைல்களாக வெட்டப்பட்டிருக்கும். எங்கே எது ஆரம்பிக்கிறது என்று சொல்லும் ஐஎஃப்ஓ ஃபைல்களும் கூடவே இருக்கும். இந்தக் கட்டமைப்பை உருவாக்குவதுதான் ஆதரிங் சாஃப்ட்வேரின் வேலை. டிஸ்கில் எழுதுவது அதற்குப் பிறகு வரும் சின்ன வேலை.

ரைட்டரைப் பற்றி அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. யுஎஸ்பியில் செருகும் மெல்லிய 8எக்ஸ் ரைட்டர் போதும். மின்சாரம் போதாமல் பாதியில் எழுதுவது நின்றுபோவதுதான் இவற்றில் அடிக்கடி வரும் தொல்லை. ஹப் வழியாகச் செருகாமல் லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள். இரட்டை முனை கேபிளுடன் வந்தால் இரண்டு முனையையும் செருகுங்கள். டிஸ்க் ஒரே முறை எழுதக்கூடிய டிவிடி-ஆர் (DVD-R) ஆக இருக்கட்டும், பழைய பிளேயர்களோடு அதற்கு ஒத்துப்போகும் வாய்ப்பு அதிகம். 8.5 ஜிபி டூயல் லேயர் (இரண்டு அடுக்கு) டிஸ்க் இங்கே வேண்டாம், தயங்கும் பிளேயர்கள் நிறைய.

அப்படியென்றால் மூன்று மணி நேரத்தையும் 4.7 ஜிபி டிஸ்க் ஒன்றிலேயே அடக்கலாமா? கணக்கு போட்டுப் பாருங்கள். 4.7 ஜிபி என்பது சுமார் 37,600 மெகாபிட். மூன்று மணி நேரத்தில் 10,800 வினாடிகள், ஆக வினாடிக்கு 3.5 மெகாபிட்தான் கிடைக்கும். குழந்தை ஓடும்போது முகம் கட்டம் கட்டமாக உடையும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு டிஸ்க் என்று பிரித்தால் கிட்டத்தட்ட 7 மெகாபிட் கிடைக்கும். ஒலிக்கும் மெனுவுக்கும் இடம் விட்டு 6 என்று வைத்தால் படம் நன்றாக இருக்கும். (விண்டோஸ் இதே டிஸ்கை 4.38 ஜிபி என்று காட்டும். பயப்பட வேண்டாம், எண்ணும் முறைதான் வேறு.)

இப்படிப் பிரிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. கேசட் பால் (PAL) என்ற டிவி முறையில் எடுத்ததென்றால் வினாடிக்கு 25 ஃபிரேம், போன் கிளிப் பெரும்பாலும் 30, அது என்டிஎஸ்சி (NTSC) என்ற இன்னொரு டிவி முறைக்குப் பொருந்தும். இரண்டையும் ஒரே டிஸ்கில் போட்டால் ஏதாவது ஒன்று திக்கித் திக்கி ஓடும். கேசட்டுக்கு ஒரு டிஸ்க், போனுக்கு ஒரு டிஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவின் பிளேயர் பால், என்டிஎஸ்சி இரண்டையும் ஏற்கிறதா என்பதை மட்டும் முன்னதாகப் பார்த்துவிடுங்கள். பால் நாட்டு பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும், என்டிஎஸ்சி நாட்டு பிளேயர்களில் பலவற்றுக்கு பால் ஒத்துவராது.

கேசட் வீடியோவில் கவனிக்க இன்னொன்று, ஃபீல்ட் வரிசை. ஒவ்வொரு ஃபிரேமும் ஒன்றுவிட்டு ஒன்றான கோடுகள் கொண்ட இரண்டு ஃபீல்டுகளாகப் பதிவாகியிருக்கும். மினி டிவி கேசட்டில் கீழ் ஃபீல்ட் முதலில் வரும். சாஃப்ட்வேர் மேல் ஃபீல்ட் முதலில் என்று எடுத்துக்கொண்டால் டிவியில் யாராவது கையசைக்கும்போது அந்தக் கை முன்னும் பின்னுமாக நடுங்கும். கம்ப்யூட்டர் திரையில் இது பெரும்பாலும் தெரியவே தெரியாது. அதனால் டிவியில் ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

சாஃப்ட்வேருக்கு டிவிடிஸ்டைலரில் தொடங்குங்கள். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், மெனுவும் போடலாம். பார்க்கப் பழசாக இருக்கும், வேலை நடக்கும். இன்னும் நுணுக்கமான கட்டுப்பாடு வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கும் டிஎம்பிஜிஎன்க் ஆதரிங் வொர்க்ஸ் உண்டு. ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற வீடியோ மாற்றும் சாஃப்ட்வேரைப் பலர் சொல்வார்கள், ஆனால் அது டிவிடி வீடியோ உருவாக்காது. விண்டோஸ் டிவிடி மேக்கர் விஸ்டா, விண்டோஸ் 7 காலத்தோடு போய்விட்டது. அதை நம்பி எழுதிய பழைய குறிப்புகள் கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடுங்கள்.

சரி, எழுதும் முறை. டிவிடிஸ்டைலரில் நேராக டிஸ்கில் எழுதாமல் ஐஎஸ்ஓ ஃபைலாக (முழு டிஸ்கையும் ஒரே ஃபைலாக) எடுத்து, கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் திறந்து மெனு, அத்தியாயம் எல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு அழித்து எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ ஒன்றில் ஏற்றி, ஏதாவது ஒரு டிவிடி பிளேயரில் ஓட்டுங்கள். திருப்தியானால் டிவிடி-ஆரில் 4எக்ஸ் அல்லது 8எக்ஸ் வேகத்தில் எழுதி, சரிபார்க்கும் வசதியையும் டிக் செய்யுங்கள். மேலே காகித லேபிள் ஒட்டாதீர்கள், சுழலும்போது டிஸ்க் ஆடும். டிஸ்கில் எழுதுவதற்கென்றே விற்கும் மென்முனைப் பேனா போதும்.

டிவிடி தயாரானதும் கம்ப்யூட்டரில் உள்ள கேசட் ஃபைல்களை அழித்துவிடாதீர்கள். அவை மணிக்கு 13 ஜிபி பிடிக்கும்தான், ஆனால் டிவிடியில் இருப்பது அதைச் சுருக்கிய நகல். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இரண்டில் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.