தோட்டம்: வாசகர் கேள்விகள் – குட்டை வாழை

கேள்வி: கடந்த சித்திரையில் கொல்லையில் நட்ட குட்டை வாழை தை மாதத்தில் குலை தள்ளியது. ஆனால் பூ வெளியே வராமல் இலைக்காம்புகளுக்கு நடுவே நின்றுவிட்டது. பிறகு தண்டின் பக்கவாட்டைக் கிழித்துக்கொண்டு கோணலாக வந்தது. காய்களும் தேறவில்லை. இது நோயா?
– வாசகி, ஓசூர்

பதில்: நோய் அன்று. நீங்கள் நட்ட மாதமும் ஓசூரின் மார்கழிக் குளிரும் சேர்ந்து செய்த வேலை இது. வாழைப்பூ கிழங்கில் உருவாகி, தண்டின் நடுவழியே ஏறி உச்சிக்கு வரவேண்டும். நாம் பொரியலுக்கு நறுக்கும் வாழைத்தண்டு என்பது அந்தப் பூவைத் தாங்கி மேலே ஏறும் காம்புதான். குளிரில் அது நீள்வது மந்தமாகிவிடும். நெட்டை ரகங்களில் இலைக்காம்புகள் தள்ளித் தள்ளி அமைந்திருப்பதால் பூ எப்படியோ வழி கண்டுபிடித்துவிடும். ஐந்தாறு அடியே வளரும் குட்டை வாழையிலோ காம்புகள் மடித்த விசிறி போல நெருங்கி நிற்பதால், பூ கழுத்திலேயே சிக்கிக்கொள்கிறது. தண்ணீர்ப் பற்றாக்குறையும் இதே கோளாற்றை உண்டாக்கும்.

வாழை நட்ட ஏழு முதல் ஒன்பது மாதங்களில் குலை தள்ளும் என்பதால், சித்திரை நடவு உங்கள் ஊருக்குப் பொருந்தாது. ஆடி, ஆவணியில் நட்டால் பூ வெயில் காலத்தில் வெளிவரும். சிக்கிய பூவை விடுவிக்கத் தண்டைக் கத்தியால் கீறுவோர் உண்டு. கீறிய இடத்தில் அழுகல் புகும் அபாயம் இருப்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: ஒரே மரத்தடியில் ஆறு கன்றுகள் முளைத்திருக்கின்றன. எல்லாவற்றையும் விடலாமா? எவ்வளவு உரம் இடவேண்டும்?
– வாசகர், தாம்பரம்

பதில்: குட்டை என்பது உயரத்துக்கு மட்டுமே பொருந்தும், பசியில் அது நெட்டை வாழைக்குக் குறைந்ததன்று. குலை தள்ளும் வரை முளைக்கும் கன்றுகளை மாதம் ஒருமுறை தரைமட்டத்தில் அறுத்துவிட்டு, அதன் பிறகு ஒன்றை மட்டும் வளர விடுங்கள். அகன்ற இலையோடு பார்வைக்குக் கொழுகொழுவென்று நிற்பது நீர்க்கன்று; அதில் ஏமாறவேண்டாம். வாள் போன்ற ஒடுங்கிய இலையுடன், அடி பருத்து நிற்கும் கன்றையே, அதுவும் சுவரைவிட்டு விலகி முளைத்ததையே தேர்ந்தெடுங்கள். வாழைக்குத் தழைச்சத்தைவிடச் சாம்பல்சத்துதான் மிகுதியாக வேண்டும்: மரம் ஒன்றுக்கு மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் சுமார் அரைக் கிலோவை 3, 5, 7ஆம் மாதங்களில் பிரித்து, தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இட்டு, மண் அணைத்து நீர் பாய்ச்சுங்கள்.

கேள்வி: எங்கள் குட்டை வாழைப் பழம் உள்ளே கனிந்து இனித்தாலும் தோல் பச்சையாகவே இருக்கிறது. கடைப் பழம் மட்டும் மஞ்சளாக இருப்பது எப்படி? கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்ததாலா?
– வாசகர், மதுரை

பதில்: கடைக்காரரை அதற்குள் சந்தேகிக்கவேண்டாம். குட்டை வாழை சேர்ந்த கேவண்டிஷ் இனத்தில், வெப்பம் ஏறத்தாழ 24 டிகிரியைத் தாண்டினால் சதை கனிந்துவிடும், தோலின் பச்சையம் மட்டும் முழுவதும் மறையாது. இந்தக் குடும்பத்துப் பழத்தை நம் ஊரில் பச்சைப்பழம் என்று அழைப்பது காரணமில்லாமல் இல்லை. வணிகர்கள் 16 முதல் 18 டிகிரி வரை குளிரூட்டிய அறையில் எத்திலீன் வாயுவைச் செலுத்திப் பழுக்க வைப்பதால் அங்கே மஞ்சள் நிறம் கிடைக்கிறது. மதுரை வெயிலில் நிறத்துக்காகக் காத்திருந்தால் பழம் குழைந்துவிடும். காயின் விளிம்புகள் மழுங்கி உருண்டதும் தாரை வெட்டி நிழலில் தொங்கவிட்டு, மேல் சீப்பை விரலால் அழுத்திப் பாருங்கள். சற்றே நெகிழ்ந்தால் தோல் பச்சையாக இருந்தாலும் உரித்துச் சாப்பிடலாம்.